ரோம அரசர் முகம் பிளாஸ்டர் பொம்மை மாதிரி நிற்குது – பரோக் ஓவியர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

கொழிஞ்சாம்பாறை தூரிகை (கேள்வி)

வணக்கங்க. ரோம அரசர் திபேரியஸ் படம் ஒன்று வரையறேன். 24 x 30 அங்குலம், பருத்தி கேன்வாஸ், எண்ணெய் வண்ணம். 17-ஆம் நூற்றாண்டு பரோக் முறையில் வரணும், புகைப்படம் மாதிரி இருக்கக் கூடாது. பார்த்து வரைய இரண்டு மாதிரி இருக்கு. இத்தாலிய ஓவியர் டிஷியனின் சீசர் வரிசையை (ரோம அரசர்களின் படங்கள்) பார்த்து ஏஜிடியஸ் சாட்லர் செம்புத் தகட்டில் செதுக்கினாரே, அந்த அச்சுப் படத்தின் நகல் ஒன்று. பளிங்குத் தலை ஒன்றை நாலு பக்கமும் எடுத்த புகைப்படங்கள் இன்னொன்று.

முகம் பிளாஸ்டர் வார்ப்பு மாதிரி நிற்குது. நிழலை அடர்த்தியாக்கினால் அழுக்குத்தான் ஏறுது, உருண்டு வரல. சிவப்புப் போர்வை செத்துக் கிடக்கு. பின்னணிக் கறுப்பு காய்ந்ததும் திட்டுத் திட்டாக மங்கிப் போச்சு. தலையிலுள்ள வாகை மாலை ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி இருக்கு.

பயன்படுத்தியது: டைட்டானியம் வெள்ளை, லெமன் யெல்லோ, அலிசரின் கிரிம்சன், ஐவரி பிளாக், பர்ன்ட் அம்பர். மீடியம் (வண்ணத்தை இளக்கக் கலப்பது), ஹார்டுவேர் கடை டபுள் பாயில்டு லின்சீட் ஆயில். கேன்வாஸில் கடையில் பூசி வந்த வெள்ளை அக்ரிலிக் ஜெஸ்ஸோ அடிப்பூச்சு. மழை பிடிச்சாச்சு, ஒரு பூச்சு காய பத்து நாளாகுது. எங்கே தப்புங்க?

வடக்கு ஜன்னல், பாலக்காடு

முதலில் ஒரு திருத்தம். டிஷியன் பரோக் ஆள் இல்லைங்க. மாந்துவா கோமகன் ஃபெதெரிகோ கொன்சாகாவுக்காக அவர் சீசர்களை வரைந்தது 1536–1540. பன்னிரண்டு பேரில் பதினொருவரைத்தான் வரைந்தார். டொமிஷியனைப் பிறகு வேறு கைகள் சேர்த்தன. அந்தப் படங்கள் இங்கிலாந்து முதலாம் சார்லஸிடம் போய், அங்கிருந்து ஸ்பெயின் போய், 1734-இல் மாட்ரிட் அரண்மனைத் தீயில் எரிந்துவிட்டன. இன்று நாம் பார்ப்பதெல்லாம் நகல்களும் சாட்லரின் அச்சும்தான். கறுப்பு வெள்ளைக் கோட்டு அச்சில் தசை நிறம் பற்றி ஒரு தகவலும் கிடையாது. பளிங்கிலும் கிடையாது. உங்கள் இரண்டு மாதிரியும் நிறம் சொல்லாதவை. நோய் அங்கேதான் தொடங்குது.

பரோக் ஓவியர் ரூபன்ஸ் இதைப் பற்றியே லத்தீனில் ஒரு சிறு கட்டுரை எழுதி வைத்தார். 1708-இல் பிரெஞ்சுக் கலை எழுத்தாளர் ரொஜே த பீல் அச்சில் கொண்டு வந்தார். சாரம் இதுதான்: பழைய சிலைகளை நன்றாகப் படி, ஆனால் படத்தில் கல் தெரியக் கூடாது. கல்லில் விழும் நிழல் கறாராக, ஒரே அடர்த்தியாக இருக்கும். தோலுக்குள் ஒளி கொஞ்சம் புகுந்து வெளிவரும், அதனால் நிழலின் ஓரம் கனிந்திருக்கும், மடிப்பிலும் குழியிலும் நிறம் மாறும். நீங்கள் கல்லின் நிழலைத் தோல் நிறத்தில் வரைந்திருக்கீங்க.

இனி கைவேலை. வெள்ளை ஜெஸ்ஸோ மேல் நேரடியாக முகம் வேண்டாம். பர்ன்ட் அம்பர், யெல்லோ ஓக்கர், துளி கறுப்பு, கொஞ்சம் வெள்ளை கலந்து, பழைய சாக்குப் பை நிறத்தில் ஒரு நடுத்தரப் பூச்சு கொடுங்க. அவசரமென்றால் இதை அக்ரிலிக்கிலேயே பூசலாம், மறுநாள் எண்ணெய் ஏற்றலாம். எண்ணெய் மேல் அக்ரிலிக் மட்டும் ஒருபோதும் கூடாது, உரியும். ரூபன்ஸ் பலகையில் வரையும்போது வெள்ளைச் சுண்ண அடித்தளத்தின் மேல் பழுப்புப் பூச்சைக் கோடு கோடாக இழுத்து விட்டிருப்பார். நிழல் பகுதிகளில் அந்தப் பழுப்பையே அப்படியே விட்டுவிடுவார். அவர் நிழல் அழுக்காகாததற்கு அது ஒரு பெரிய காரணம்.

அதன்மேல் அம்பரும் வெள்ளையும் மட்டும் வைத்து முகத்தை நாலு படி ஒளியில் கட்டுங்க. ஒளி இடது மேலிருந்து, ஒரே ஜன்னல். இது காய்ந்த பிறகு நிறம்.

மூன்று குவியல் போதும். ஒளிக்கு: வெள்ளை 4, யெல்லோ ஓக்கர் 1, காட்மியம் ரெட் லைட் கால் பங்கு. (அந்தக் காலத்தில் அது வெர்மிலியன், அதாவது சாதிலிங்கம்.) ஒளியும் நிழலும் சேரும் இடத்துக்கு: இதே குவியலில் ஐவரி பிளாக் கடுகளவு. வெள்ளையில் கலந்த கறுப்பு நீலச் சாம்பலாகத் தெரியும். நீலக் குழாயே திறக்க வேண்டாம். நிழலுக்கு: பர்ன்ட் சியன்னா, அம்பர், கொஞ்சம் சிவப்பு லேக் (சாயத்திலிருந்து செய்த, ஒளி ஊடுருவும் வண்ணம்). இதில் வெள்ளை ஒரு சொட்டும் கூடாது. உங்கள் நிழல் அழுக்கானது வெள்ளையும் கறுப்பும் சேர்த்து இருட்டாக்கப் பார்த்ததால்தான். ஒளியைத் தடிமனாகப் போடுங்க, நிழலை மெல்லிசாக, கீழே இருப்பது தெரியும்படி.

நெற்றி மஞ்சள் சாய்வு, கன்னம் மூக்கு காது சிவப்புச் சாய்வு, தாடை சாம்பல் சாய்வு. முதல் நூற்றாண்டு அரசர்கள் பெரும்பாலும் மழித்த முகம். முழுத் தாடி ஹேட்ரியன் காலத்தில்தான் வழக்கமாகுது. ஆகவே திபேரியஸ் தாடையில் மழித்த நீலச்சாம்பல் கட்டாயம். மூக்குத் துவாரம், காதின் உள்மடிப்பு, கண்ணின் உள்முனை ஆகிய இடங்களில் கறுப்புக் கோடு போடாதீங்க. சியன்னாவும் சிவப்பும் கலந்த கோடு போடுங்க. பத்தே நிமிட வேலை. பாதிக் கல் அங்கேயே உதிரும்.

கண்ணைச் சிலையில் பார்க்கவே பார்க்காதீங்க. அந்தக் காலப் பளிங்கில் கருவிழியைச் செதுக்கவில்லை, வண்ணத்தில்தான் வைத்தார்கள், அது அழிந்துபோச்சு. வீட்டில் யாரையாவது ஜன்னலோரம் உட்கார வைத்துப் பாருங்க. விழி வெண்மைக்குச் சாம்பலும் துளி ஓக்கரும். ஒளிப்புள்ளி இடது மேல், கடிகாரத்தில் பத்து மணி இருக்கும் இடத்தில், ஒரே ஒரு தொடல்.

வாளையார் காசு

நிறம் சரி. முகம் திபேரியஸ் முகம்தானா என்று பார்த்தீர்களா? பரோக் காலத்தில் இதில் நிறையச் சறுக்கல். வெனிஸில் கிரிமானி குடும்பச் சேகரத்திலிருந்த ஒரு பருத்த சிலைத் தலையை ரோம அரசர் விட்டெலியஸ் என்றே நம்பி தலைமுறை தலைமுறையாக ஓவியர்கள் வரைந்தார்கள். அது விட்டெலியஸுக்குப் பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்துச் செதுக்கிய யாரோ ஒருவர் என்பதே இன்றைய கணிப்பு. அதேபோல் பாதுவா ஊர்க்காரர் ஜொவான்னி தா கவீனோ 16-ஆம் நூற்றாண்டில் வார்த்த போலி ரோமப் பதக்கங்களும் ஓவியர் கைகளில் அசல்போலப் புழங்கின. பரோக் விட்டெலியஸ் வேண்டுமென்றால் கிரிமானி முகத்தையே வரையலாம், தப்பில்லை. பார்ப்பவர் எதிர்பார்ப்பதும் அந்த மூன்று மடிப்புத் தாடையைத்தான். ஆனால் தெரிந்து செய்யணும்.

திபேரியஸுக்கு அந்தக் குழப்பம் குறைவு, அதுவும் நம் பக்கத்தில். பாலக்காட்டுக் கணவாய் வழியில் கிடைத்த ரோம வெள்ளிக் காசுகளில் அகஸ்டஸும் திபேரியஸும்தான் மிகுதி; கோவை வெள்ளலூர்ப் புதையல் அப்படிப்பட்டது. திபேரியஸின் தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசில் முன்பக்கம் வலம் நோக்கிய தலை, பின்பக்கம் செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்த பெண். சுமார் 18 மில்லிமீட்டர் அகலம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரோமக் காசுகளைப் பார்க்கலாம். நல்ல பெரிதாக்கிய படம் ஒன்று எடுத்துக்கொண்டால் போதும்.

காசு ஒருபக்க முகம்தான் காட்டும். அதிலிருந்து முக்கால் திருப்பம் எடுக்கும் வழி: காசுப் படத்தைப் பெரிதாக்கி மயிர் விளிம்பு, புருவம், மூக்கடி, தாடை முனை நான்கிலும் படுக்கைக் கோடு இழுங்க. அதே உயரத்தில் உங்கள் சிலைப் புகைப்படத்தில் முக்கால் திருப்பம் உள்ளதைப் பக்கத்தில் வையுங்க. உயரங்களைக் காசிலிருந்தும், அகலங்களைச் சிலையிலிருந்தும் எடுங்க. இரண்டும் மோதினால் மூக்கு, தாடை நீட்டத்துக்குக் காசை நம்புங்க. சிலைகளில் முதலில் உடைவது மூக்குதான். அருங்காட்சியகத் தலைகள் பலவற்றில் இருப்பது பின்னாளில் யாரோ ஒட்டியது.

திபேரியஸ் பற்றி ரோம வரலாற்றாசிரியர் சுவெடோனியஸ் எழுதியது உங்களுக்கு நேராகப் பயன்படும்: வெளுத்த நிறம், அவ்வப்போது முகத்தில் பரு, மிகப் பெரிய கண்கள், பிடரியை மூடும் அளவு பின்முடி, கழுத்தை விறைப்பாக வைத்த நடை, இறுகிய முகம். அந்தப் பிடரி முடி காசிலும் அப்படியே தெரியும். மற்ற சீசர்களுக்கும் இப்படி ஒரு பிடி உண்டு. அகஸ்டஸ் நெற்றியில் பிளந்த மயிர்க்கற்றை, நீரோவுக்குத் தடித்த கழுத்து, கால்பாவுக்கு வளைந்த மூக்கு, வெஸ்பாசியனுக்கு முக்குகிறவர் மாதிரி முகம். ஜூலியஸ் சீசருக்கு வழுக்கை. அதை மறைக்க வாய்ப்பாக இருந்ததால்தான் அவருக்கு லாரல் மாலை அவ்வளவு பிடித்ததாம்.

அச்சுப் படத்தில் இன்னொரு கண்ணி. தகட்டில் செதுக்கியதைத் தாளில் ஒற்றினால் இடம் வலம் திரும்பும். நகலெடுத்தவர் மீண்டும் திருப்பியிருக்கலாம், திருப்பாமலும் இருக்கலாம். ரோமப் படைத்தலைவர் போர்வைக்கு ஊக்கு பொதுவாக வலது தோளில். உங்கள் நகலில் எந்தத் தோள் என்று பார்த்துவிட்டுக் கோடு போடுங்க.

கொழிஞ்சாம்பாறை தூரிகை

ரொம்ப நன்றிங்க. ஊக்கு இடது தோளில் இருக்கு, கணினியில் திருப்பிட்டேன். நிழலிலிருந்து வெள்ளையை எடுத்ததுமே வித்தியாசம் தெரியுது. நெற்றி ஓரத்தில் முடி இன்னும் தொப்பி மாதிரி நிற்குது. போர்வை, கவசம், மாலை மூன்றும் பாக்கி. மாலைக்குப் பிரியாணி இலையைக் கம்பியில் கட்டி மாதிரி வச்சிருக்கேன், சரிதானுங்களா?

நகரி தறி

பிரியாணி இலை வேண்டாம் சார். நம் கடையில் விற்பது பட்டை மர வகை. காம்பிலிருந்து நுனிவரை மூன்று நரம்பு நீளமாக ஓடும். பாலக்காட்டில் கிடைக்கும் வயணை இலையும் அதே சாதி, அதே மூன்று நரம்பு. ரோமர் சூடிய லாரலுக்கு ஒரே நடு நரம்பு, பக்க நரம்புகள் இறகு மாதிரி பிரியும், ஓரம் லேசாக நெளியும். தெரிந்தவர் பார்த்தால் முதல் பார்வையிலேயே மாட்டும். மாங்கன்றின் சின்ன இலை, விரல் நீளம் உள்ளது, வடிவுக்கு அதைவிட நெருங்கி வரும். (வாகை மாலை என்று நாம் எழுதுவது புறப்பொருள் வழக்கு. வாகை மரம் வேறு, அதன் பூ பஞ்சுக் குஞ்சம்.)

இலைகள் இணை இணையாக, நுனி நெற்றியை நோக்கி. பிடரியில் நாடா முடிச்சும் தொங்கும் இரண்டு முனையும் காசில் தெளிவாக இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள். ஒட்டின மாதிரி தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் இலையின் கீழ் நிழல் இல்லாதது. ஒவ்வொரு இலையும் முடிமேல் ஒரு சின்ன நிழல் போடணும். மூன்றில் ஒரு இலை முடிக்குள் பாதி மறையணும். பச்சை நிறத்திலும் ஏமாறாதீர்கள். பழைய படங்களில் இலை பழுப்பாகத் தெரிவது செம்புப் பச்சை மெருகு (கீழே இருப்பது தெரியும் மெல்லிய மேல்பூச்சு) காலப்போக்கில் பழுத்ததால். நீலமாகத் தெரிந்தால் மஞ்சள் லேக் வெளிறிப் போயிருக்கும். படம் வரைந்த நாளில் அது பச்சைதான். டெர் வெர்ட் (பச்சை மண் வண்ணம்), ஓக்கர், கொஞ்சம் அம்பர் போதும்.

முடிக்கு: நெற்றித் தோல் ஈரமாக இருக்கும்போதே முடி நிறத்தை அதன்மேல் ஏற்றி, உலர்ந்த மென்தூரிகையால் விளிம்பை ஒரு தடவை இழுத்துவிடுங்கள். காய்ந்த தோல்மேல் முடி போட்டால் தொப்பிதான். சிலையில் ஒவ்வொரு சுருளும் தனித்தனியாகத் தெரியும். அதை எண்ணி எண்ணி வரையக் கூடாது. மூன்று நாலு திரளாகப் பிடித்து, ஒளி விழும் இடத்தில் மட்டும் இரண்டு கற்றை.

போர்வைக்கு பாலியெஸ்டர் துணியை மாதிரியாக வைக்காதீர்கள், மடிப்பு கூர்மையாக உடையும். நாலு முழம் தடித்த பருத்தித் துணியில் கெட்டியாகக் கஞ்சி போட்டு, ஈரமாக நாற்காலி முதுகில் போர்த்தி மடிப்பை அமைத்துக் காயவிடுங்கள். ஒரு வாரம் ஆனாலும் மடிப்பு அசையாது. வண்ணம் இரண்டு கட்டம். முதலில் காட்மியம் ரெட்டும் வெள்ளையும் சியன்னாவும் வைத்து முழு மடிப்பையும் கட்டணும், வேண்டிய நிறத்தைவிட ஒரு படி வெளுப்பாக. நன்றாகக் காய்ந்த பிறகு அதன்மேல் சிவப்பு லேக் மெல்லிய மெருகு, இரண்டு அல்லது மூன்று தடவை. ஒளி பட்ட முகடுகளில் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். ஒரே பூச்சில் அலிசரினும் வெள்ளையும் கலந்ததால்தான் உங்களுடையது செத்த ரோஜா நிறமாகியிருக்கும். ரோம அரச நிறம் உண்மையில் ஊதாச் சிவப்பு. பரோக் ஓவியர் பலர் அதைக் கண்டுகொள்ளாமல் நல்ல ரத்தச் சிவப்பே போட்டார்கள். கவசம் பக்கத்தில் அதுதான் எடுக்கும்.

கவசத்துக்கு எவர்சில்வர் குடத்தை வைத்தால் ஒளி வெட்டி வெட்டித் தெரியும். வெண்கல உருளி நல்ல மாதிரி. சிவப்புத் துணியை அதன் அருகில் வைத்து, உலோகத்தில் சிவப்பு எங்கே விழுகிறது என்று பாருங்கள். அந்தப் பிரதிபலிப்பு இல்லாவிட்டால் அரசரும் போர்வையும் வேறு வேறு அறையில் இருப்பார்கள். உலோகத்தில் மிக அடர்ந்த இருட்டு, மிகப் பளிச்சென்ற ஒளிக்கு ஒட்டியே இருக்கும். தங்க வேலைக்குத் தங்கப் பொடி வேண்டாம். அம்பர், அதன்மேல் ஓக்கர், கடைசியில் வெள்ளையும் வெளிர் மஞ்சளும் கலந்து தடிமனாக ஒரு புள்ளி. பழைய ஆட்கள் அங்கே ஈய-வெள்ளீய மஞ்சள் வைத்தார்கள். திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் ரவிவர்மா படங்களின் நகைகளை ஒரு முழத் தூரத்தில் நின்று பாருங்கள், பிறகு பத்தடி தள்ளி நின்று பாருங்கள். வேலை விளங்கும்.

களியக்காவிளை சட்டம்

பொருள் பக்கம் யாரும் தொடல, நான் சொல்லிடறேன்.

டபுள் பாயில்டு எண்ணெயை இன்றே நிறுத்துங்க. அதில் உலர்த்தி கலந்திருக்கும், மேலே தோல் கட்டும், உள்ளே ஈரம் நிற்கும், ரெண்டு மூணு வருஷத்தில் பழுத்துச் சுருங்கும். ஓவியக் கடையின் சுத்திகரித்த ஆளிவிதை எண்ணெய், சுத்தமான டர்பன்டைன், இரண்டு போதும். முதல் பூச்சுக்கு டர்பன்டைன் மட்டும். இரண்டாவதுக்கு டர்பன்டைன் 3, எண்ணெய் 1. மெருகுக்கு 1:1. மேலே போகப் போக எண்ணெய் கூடணும், குறையக் கூடாது. மாறினால் மேல்பூச்சு வெடிக்கும். மண்ணெண்ணெயைத் தூரிகை கழுவ வேணும்னா வச்சுக்கோங்க, வண்ணத்தில் சேர்க்காதீங்க.

பின்னணி மங்கியதற்குப் பேர் எண்ணெய் இறங்குதல். கடை ஜெஸ்ஸோ பிளாட்டிங் பேப்பர் மாதிரி எண்ணெயை உறிஞ்சும், அம்பர் உள்ள இடம் முதலில் வெளுக்கும். கறுப்பு மேல் கறுப்பு ஏற்றித் தீராது. தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்ததும், எண்ணெயும் டர்பன்டைனும் சமமாகக் கலந்து பஞ்சில் தொட்டு மெல்லிசாகத் தேய்த்து, பத்து நிமிடத்தில் மிச்சத்தைச் சுத்தமாகத் துடைச்சிடுங்க. துடைக்காமல் விட்டால் மஞ்சள் படியும், தூசி ஒட்டும். ஐவரி பிளாக்கைத் தனியாகத் தடிமனாகப் போட வேண்டாம். அது மெதுவாகக் காயும், அதன்மேல் சீக்கிரம் காயும் அம்பர் ஏறினால் விரிசல். கறுப்பில் மூன்றில் ஒரு பங்கு பர்ன்ட் அம்பர் கலந்தால் இரண்டு பிரச்சினையும் குறையும், பின்னணியும் குளிர்ச்சி விட்டு வெதுவெதுப்பாகும்.

வெள்ளை பற்றி வடக்கு ஜன்னல் அண்ணன் சொன்ன 4 பங்கு பழைய ஈய வெள்ளைக்குப் பொருந்தும். டைட்டானியம் அதைவிட ரொம்ப மூர்க்கம், எல்லாத்தையும் சுண்ணாம்பாக்கும். 3 பங்கில் தொடங்குங்க, குழாய் வெள்ளையிலேயே துளி ஓக்கர் கலந்து வச்சுக்கோங்க. ஈய வெள்ளை நஞ்சு, குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம். மென்மையாக இருக்குன்னு ஜிங்க் வெள்ளைக்குப் போகாதீங்க. காலப்போக்கில் நொறுங்கும், அடுக்கு பெயரும். குழாய் பின்னால் நிறமிக் குறியீடு பி.டபிள்யூ. 4 என்று போட்டிருந்தால் அது ஜிங்க். அதேபோல் அலிசரின், பி.ஆர். 83, மெல்லிய மெருகாகப் போட்டால் வெளிச்சத்தில் வெளிறும். தறிக்காரர் சொன்ன சிவப்பு மெருகுக்கு பி.வி. 19 எழுதிய குயினாக்ரிடோன் எடுங்க.

மழைக்காலம்: எண்ணெய் காய்வது நீர் ஆவியாகி இல்லை, காற்றைப் பிடித்து இறுகுவது. ஈரமும் இருட்டும் சேர்ந்தால் தாமதம்தான். பூச்சை மெல்லிசாக்குங்க, வெளிச்சமும் காற்றும் உள்ள அறையில் சுவரை விட்டு இரண்டு அங்குலம் தள்ளி நிறுத்துங்க. பின்பக்கம் பூஞ்சை பிடிக்காது. கோபால்ட் உலர்த்தி வேணும்னா ஒரு மேசைக்கரண்டி மீடியத்துக்கு ஒரு சொட்டு, மிஞ்சினா இரண்டு. அதுக்கு மேல் போனால் முகத்தில் கிழவி தோல் மாதிரி சுருக்கம் விழும். கேன்வாஸ் தொய்ந்தால் சட்டத்தின் மூலையிலுள்ள இறுக்கும் ஆப்பை இப்போ அடிக்காதீங்க, காற்று வறண்டதும் தானே இறுகும். மழையில் இறுக்கினது கோடையில் மூலையில் கிழியும்.

வார்னிஷ் ஆறு மாசத்துக்கு முன் நினைக்கவே வேண்டாம். ஈரக் காற்றில் அடிச்சா பால் மாதிரி வெண்மூட்டம் படியும்.

வடக்கு ஜன்னல், பாலக்காடு

3 பங்கு சரிதான், என் கணக்கு ஈய வெள்ளைக்குத்தான். ஆறு மாசம் என்றால் மார்கழி ஆகுது. அப்போ கணவாய்க் காற்று தூசியை வாரிக்கொண்டு வரும். வார்னிஷ் அடிக்கும் அறையில் முந்தின நாள் தரையைத் துடைத்து, ஜன்னலை மூடி, படத்தைப் படுக்க வைத்து அடிங்க. ஒட்டாத நிலை வரும்வரை முகம் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருக்கட்டும்.

கொழிஞ்சாம்பாறை தூரிகை

குறிச்சுக்கிட்டேனுங்க. பிரியாணி இலையைக் கழட்டிட்டேன். போர்வையின் அடிச்சிவப்பு இன்னிக்கு முடிஞ்சுது; பி.வி. 19 கோவையில்தான் கிடைக்கும் போல, வாங்கி வந்ததும் மெருகு போட்டுட்டுப் படம் ஏத்தறேன்.